ஒரு நாற்காலி வலப்பக்கம்

பிள்ளைகள் வயிறு மாறத் தொடங்கிய அந்தச் செவ்வாய்க்கிழமை பனைமறிச்சான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இருந்தது, டாக்டர் மாவட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தார், வராந்தாவில் எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன, அந்த வட்டத்துக்கு வெளியே ஒரு முக்காலியில் நோட்டுப் புத்தகத்தோடு நான் உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் பார்க்க வந்தவள் வட்டத்துக்குள் போகக் கூடாது என்று என் பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார், நானும் முதுகலை இரண்டாம் ஆண்டில் அவரோடு சண்டை போடாமல் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

வட்டம் ரூத் சிஸ்டரின் வேலை. மற்ற ஊர்களில் கர்ப்பிணிகள் காலையிலிருந்து வரிசையில் நின்று, ஆளுக்கு இரண்டு நிமிடம் வயிற்றைக் காட்டி, மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டு, கேட்க நினைத்த ஒன்றைக்கூடக் கேட்காமல் வீட்டுக்குப் போவார்கள். இங்கே ஒரே மாதக் கணக்கில் இருக்கிற ஏழு பெண்கள் இரண்டு மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்து, ஒருத்திக்கொருத்தி எடை பார்த்து, பிரஷர் பட்டையைச் சுற்றி, வயிற்றில் வைக்கிற சின்ன மெஷினால் அடுத்தவள் பிள்ளையின் துடிப்பைக் கேட்டு, அதை அவரவர் அட்டையில் அவரவர் கையாலேயே எழுதினார்கள். இது பயிற்சியில் சொல்லிக் கொடுத்த முறை. நர்ஸ் மேஜைக்குப் பின்னால் இருக்கக் கூடாது, அதே மாதிரி நாற்காலியில் அதே வட்டத்தில் இருக்க வேண்டும் என்பதும் பயிற்சியில் சொன்னதுதான். ரூத் சிஸ்டருக்கு நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, சொன்னதை அப்படியே செய்கிற ஆள். எட்டாவது நாற்காலி அவர் நாற்காலி.

முதல் வாரம் மேலத்தெருப் பெண்கள் ஒரு பக்கமும் காலனிப் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்தார்கள். சிஸ்டர் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "வட்டம்னு சொன்னேன், ரெண்டு அரை வட்டமாக் கிடக்கு. எந்திரிங்க மக்கா எல்லாரும்" என்று சொல்லிப் பிரசவத் தேதி வரிசைப்படி உட்கார வைத்தார். முதலில் கோமதி, மேலத்தெருப் பெரிய வீட்டு மருமகள். அவளுக்கு வலப்பக்கம் ஜெய்லானி, பள்ளிவாசல் தெரு, வாய் மூடாதவள். இப்படியே போய் ஏழாவது முப்பிடாதி, காலனி, பீடி சுற்றுகிறவள். எட்டாவது சிஸ்டர். சிஸ்டருக்கு வலப்பக்கம் மறுபடியும் கோமதி. கோமதியின் மாமியார் சண்முகவடிவு கேட்டுக்கு வெளியே நின்று இதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள், ஆனால் தன் மருமகளுக்கும் முப்பிடாதிக்கும் நடுவில் ஒரு நர்ஸ் இருக்கிறாளே என்று சமாதானம் செய்துகொண்டாள். அந்தச் சமாதானத்தை நான் நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

ஆறாம் மாதத்தில் அந்தச் செவ்வாய் வந்தது. சிஸ்டர் கோமதியின் வயிற்றில் மெஷினை வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. வயிறு துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி தளர்ந்து கிடந்தது. கோமதியின் உதடு கோணுவதற்குள் ஜெய்லானி தன் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி கோமு, ஒம் பிள்ள இங்கன வந்து கெடக்கு. இந்த மிதி என் பிள்ள மிதி இல்ல" என்றாள். மெஷினை அங்கே வைத்தார்கள். இரண்டு வேகம், ஒரு நிதானம். ஐந்து வாரமாகக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் மனப்பாடமான கோமதி பிள்ளையின் துடிப்பு. அப்படியே ஒவ்வொரு வயிறாகக் கேட்டுக்கொண்டு போனார்கள், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாற்காலி வலப்பக்கம் நகர்ந்திருந்தது. கடைசியில் சிஸ்டர் சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் இறக்கி மெஷினைத் தன் வயிற்றில் வைத்தார், ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தார், "நூத்தி நாப்பத்திரண்டு. நல்லாருக்கு" என்றார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு, "முப்பிடாதி, ஒன் அட்டைய இங்க தா. அடுத்த செவ்வா வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

ஏன் இப்படி என்று நான் ஒருத்திதான் கேட்டேன். ஊர் கேட்டதெல்லாம் வேறு. வியாழக்கிழமை வந்த டாக்டர் எல்லோரையும் சோதித்துவிட்டு, கம்ப்யூட்டரில் இதற்குக் கட்டம் கிடையாது, அதனால் பெண்ணின் பெயரை மாற்ற வேண்டாம், பிள்ளை போகிற இடத்துக்கு அட்டை போகட்டும் என்று முடிவு சொன்னார். அட்டை போயிற்று. அட்டைக்குப் பின்னால் மாமியார்கள் போனார்கள். எங்கள் பிள்ளை இந்த வாரம் யார் வீட்டில் என்று செவ்வாய் மதியம் கேட்டுத் தெரிந்துகொண்டு, புதன் காலையில் தூக்குச்சட்டியில் அவரவர் வீட்டுச் சோற்றையும் குழம்பையும் எடுத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து கால் வைக்காத தெருக்களுக்குள் நடந்தார்கள். பிரியாணி மேலத்தெருவுக்குப் போனது, சர்க்கரைப் பொங்கல் பள்ளிவாசல் தெருவுக்கு வந்தது, மூன்றாம் வாரத்தில் எந்தக் குழம்பு எந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது டீக்கடையிலேயே பேசப்பட்டது. எட்டு நாற்காலி, ஏழு பிள்ளை. ஆகவே வாரம் ஒருத்தி வயிறு காலியாக இருந்தாள், அதற்கு லீவு வாரம் என்று பெயர் வைத்தவள் ஜெய்லானி. தன் லீவு வாரத்தில் அவள் ஏழு நாளும் குப்புறப் படுத்துத் தூங்கினாள்.

இரண்டாம் செவ்வாயில் முப்பிடாதியின் பிள்ளை சிஸ்டரைக் கடந்து கோமதியின் வயிற்றுக்குப் போயிற்று. மறுநாள் முப்பிடாதி கருவாட்டுக் குழம்போடு பெரிய வீட்டுக்குப் போனாள், நானும் கூடப் போனேன். சண்முகவடிவு பின்வாசலில் வந்து தூக்குச்சட்டியைத் தரையில் வைக்கச் சொன்னாள். நான் விடவில்லை. உங்கள் வீட்டுக்குள், உங்கள் மருமகள் வயிற்றுக்குள், உங்கள் பூஜை அறைக்கு அந்தப் பக்கச் சுவரில் சாய்ந்துகொண்டு இவள் பிள்ளை படுத்திருக்கிறது, அதன் சோறு மட்டும் தரையில் இருக்க வேண்டுமா என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் பேசினேன். சண்முகவடிவு முழுவதையும் கேட்டாள். பிறகு, "நீ சொல்லுததெல்லாம் சரிதான் பிள்ள. நீ எந்த நாற்காலில இருக்க?" என்றாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் முப்பிடாதி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்க டீச்சர். அவ சாப்பிட்டா எம் பிள்ள சாப்பிட்ட மாதிரிதான். நீங்க ஏசுனா சோறு ஆறிரும்." நான் டீச்சர் இல்லை, படிக்கிறவள்தான் என்று நூறு முறை சொல்லியிருந்தேன். உள்ளேயிருந்து கோமதி, "அக்கா, கருவாடு கொண்டாந்தியளா?" என்று கேட்கிற சத்தம் வந்தது. அந்த அக்காவை மாமியாரும் கேட்டாள். தூக்குச்சட்டியைக் குனிந்து அவளே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், முகத்தில் எனக்கு விளங்காத ஏதோ ஒன்று இருந்தது. அது அருவருப்பு என்று எழுதி, அடித்து, பசி என்று எழுதி, அதையும் அடித்தேன்.

ஆறாம் செவ்வாயில் கோமதியின் பிள்ளை காலனிக்கு வந்தது. சண்முகவடிவு தினமும் வந்தாள், முப்பிடாதி மடியிலிருந்த பீடிச் சொளவுத் தட்டை அவளே எடுத்து அப்பால் வைத்தாள், தூள் நெடி பிள்ளைக்கு ஆகாது என்றாள். இது அதிகாரமா அக்கறையா என்று நான் முப்பிடாதியிடம் வாதாடினேன். "ரெண்டு தடவ எம் பிள்ள இதே தூளுக்குள்ளதான் கெடந்துச்சு டீச்சர். அப்பம் யாரும் வந்து சொளவ எடுக்கல" என்றாள். அது என் கட்சியா எதிர்க்கட்சியா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

அந்த இரண்டு தடவையைப் பற்றி முப்பிடாதி வட்டத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தாள், பீடி இலை வெட்டுகிற மாதிரி நிதானமாக. இரண்டு பிள்ளையும் எட்டாம் மாதத்தில் இறங்கிவிட்டன, இரண்டும் அழவில்லை. எட்டாம் மாதத்தைத் தாங்குகிற வயிறு தனக்கு இல்லை, அதனால் பிள்ளைகள் நகர்வது மற்றவர்களுக்கு எப்படியோ, தனக்கு அது வரம். ஆனால் எட்டு நாற்காலி என்றால் எட்டாவது செவ்வாயில் எல்லாப் பிள்ளையும் சொந்த வயிற்றுக்குத் திரும்பும், முப்பிடாதிக்கு அந்தச் செவ்வாய் எட்டாம் மாதத்தின் முதல் வாரம். ஒன்பதாவது செவ்வாயும் வட்டம் கூடினால் அவள் பிள்ளை மறுபடியும் சிஸ்டரிடம் போய்விடும். ஒரு வாரம் தாங்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாரம் தாங்கிவிடுவேன் என்று வயிற்றில் கைவைத்துச் சொன்னாள், அந்த வாரம் அவளுக்கு லீவு, கைக்கு அடியில் ஒன்றும் இல்லை.

எட்டாவது செவ்வாயில் ஏழு குடும்பமும் வளையலோடு வந்தது. வராந்தாவிலேயே வளைகாப்பு, புளியோதரை, தயிர்சாதம், தேங்காய்ச்சாதம், ஜெய்லானி வீட்டு நெய்ச்சோறு. சிஸ்டர் மெஷினை ஒவ்வொரு வயிற்றிலும் வைக்க, சொந்தப் பிள்ளையின் துடிப்பைக் கேட்டு ஒவ்வொருத்தியாக அழுதாள். வளைகாப்பு முடிந்தால் பிள்ளைத்தாய்ச்சியை அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போவது முறை. முப்பிடாதியைத் தவிர எல்லோரையும் கூட்டிப்போனார்கள். கோமதிக்குக் காரும், மற்றவர்களுக்கு ஆட்டோவும் வேனும் வாசலில் நின்றன. நான் கேட்டில் நின்று ஒவ்வொருவரிடமும் வாதாடினேன், ஒரே ஒரு சுற்று, இன்னும் ஒரே ஒரு செவ்வாய், வட்டம் கலைந்தால் முப்பிடாதி பிள்ளை எங்கே போகும் என்று. கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு வாரமா அடுத்தவுக பிள்ளையச் சொமந்திருக்கேன், ஒரு நாளும் கொற வைக்கல. எனக்கு எம் பிள்ள வேணும்லா டீச்சர்?" என்றாள். அது தப்பு என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது, கார் கிளம்புகிறவரை தேடினேன். சிஸ்டரிடம் போய்த் தடுக்கச் சொன்னேன். "வட்டத்துல கட்டாயம் கெடையாது மக்கா. கட்டாயம்னா அது வரிசை" என்று நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்.

ஒன்பதாவது செவ்வாயில் மூன்று பேர் இருந்தோம். முப்பிடாதிக்குக் கால் வீங்கியிருந்தது, முந்தின இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது என்றாள். சிஸ்டர் இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு, அதில் ஒன்றில் உட்கார்ந்து, முறைப்படி கையை நீட்டினார், முறைப்படி முப்பிடாதி, தான் உட்காருவதற்கு முன், நின்றபடியே அவருக்குப் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இந்த வராந்தாவில் கற்றுக்கொண்டவள், இரண்டு முறை பார்த்துவிட்டுப் பட்டையைக் கழற்றினாள்.

"நூத்தி எழுவது சிஸ்டர்."

"மெஷின் பழசு."

"எனக்கு நூத்தி நாப்பதுதான் காட்டுது, அதே மெஷின்தான். எத்தன வாரமா இப்பிடி? நீங்க தாங்க மாட்டிய."

சிஸ்டர் பட்டையைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தார். முப்பிடாதி என்னைப் பார்க்கவில்லை. இரண்டு பேருமே என்னைப் பார்க்கவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது, பார்த்திருந்தால் வாதாடியிருப்பேன். எனக்குக் கல்யாணமாகவில்லை, இருபத்திரண்டு வயது, ஹாஸ்டலில் இருக்கிறேன், அம்மா ஞாயிறுதோறும் வீடியோ காலில் வருகிறாள், பார்க்க வந்தவள் வட்டத்துக்குள் போகக் கூடாது, இது எல்லாமே நியாயமான பாயின்ட்டுகள். பெரிய வீட்டுப் பின்வாசலில் கால் மணி நேரம் பேசின வாய்க்குள் இவை ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. சிஸ்டர் மெல்ல எழுந்தார், மூச்சு வாங்கியது. வந்து என் முக்காலியில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்துக்காகக் கையை நீட்டினார். கொடுத்துவிட்டு நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன், எதிரே முப்பிடாதி உட்கார்ந்தாள். இரண்டு பேர் உட்கார்ந்தால் அது வட்டமா என்று கேட்க நினைத்தேன். கேட்பதற்குள் என் தொப்புளுக்குக் கீழே யாரோ புரண்டு படுத்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள், கொடுக்க வேண்டாம் என்று சண்டை போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஹாஸ்டல் வார்டன் என் வயிற்றையும் அட்டையையும் அட்டையில் இருந்த வேறு பெயரையும் பார்த்து, விருந்தாளி தங்கக் கூடாது என்பதுதான் விதி, இது அதில் வருமா என்று மேலே கேட்டு எழுதினாள், மேலேயிருந்து பதில் வரவில்லை. அம்மாவிடம் கழுத்துக்கு மேல் மட்டும் காட்டினேன். முப்பிடாதி தினமும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து வாசலில் தூக்குச்சட்டியோடு நின்றாள், நான் சாப்பிட்டு முடிக்கிறவரை என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள், கை வைக்கட்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். ஒன்பதாம் மாதம் பாதி தாண்டியதும் பிள்ளை அவளிடம் திரும்புவதற்காக ஒரு செவ்வாயில் மறுபடி எதிரெதிரே உட்காருவது என்று பேச்சு.

நான் அதனோடு பேசினேன். வேறு எனக்கு என்ன தெரியும், தாலாட்டு தெரியாது. வார்டனின் விதிகள் ஏன் செல்லாது என்று விளக்கினேன், என் கருத்தரங்கக் கட்டுரையை வாசித்துக் காட்டினேன், மூன்றாம் பக்கத்தில் உதைத்தது, அந்தப் பத்தியைத் திரும்பப் படித்தபோது அது நிஜமாகவே பலவீனமான பத்தியாக இருந்தது. இரவும் பகலும் என் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்ட முதல் ஆள் அதுதான்.

பேசி வைத்த செவ்வாய் வந்தது. முப்பிடாதியின் கால் வீக்கம் வடிந்தது நல்ல அறிகுறியா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லையே என்று காலையில் யோசித்தேன். காலனியில் காற்றெல்லாம் பீடித்தூள். அவள் நிறுத்தினாலும் பக்கத்து வீட்டில் சுற்றுகிறார்கள். நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி பத்து நிமிடத்தில். ஒவ்வொன்றும் கச்சிதமான வாதம், ஒவ்வொன்றையும் அடுக்க அடுக்க எனக்குப் பயம் வந்தது, ஏனென்றால் இவை எல்லாம் சண்முகவடிவு சொல்லக்கூடிய வாதங்கள், ஆனால் பிள்ளையைத் தராமலிருக்க அவளே கடைசிவரை சொல்லாதவை. நான் போகவில்லை. பஸ் வரவில்லை என்று போனில் சொன்னேன். பஸ் வந்தது.

சாயங்காலம் சிஸ்டர் போனில் கூப்பிட்டார். "டீச்சர், காலைல முப்பிடாதி ரெண்டு நாற்காலி எடுத்துப் போட்டா. இன்னும் அதுல ஒண்ணுலதான் இருக்கா. சாப்பிடச் சொன்னேன், எந்திரிச்சா எடம் மாறிருமோன்னு பயப்படுதா." அவ்வளவுதான் சொன்னார், ஏசவில்லை. மறுநாளிலிருந்து முப்பிடாதி ஹாஸ்டலுக்கு வரவில்லை, வந்தால் பிள்ளையைத் திருப்பிக் கேட்டதாகிவிடும் என்று வரவில்லை என நினைக்கிறேன், இல்லை, கோபமாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஏழு நாள் ஹாஸ்டல் சோறு சாப்பிட்டோம், நானும் அதுவும். அந்த ஏழு நாள் நான் அதனோடு எதைப் பற்றியும் வாதாடவில்லை.

அடுத்த செவ்வாய் முதல் பஸ்ஸில் போனேன். நாற்காலிகள் போட்டிருந்தன. போன வாரம் என்ன ஆயிற்று என்றால் என்று தொடங்கினேன்.

"பேசாதீங்க டீச்சர். உக்காருங்க" என்றாள் முப்பிடாதி.

உட்கார்ந்தேன். போய்விட்டது. வயிறு துணி மாதிரி தொய்ந்தது. அவள் இரண்டு கையாலும் தன்னைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, உள்ளே யாரோ வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தத்தைக் கேட்பதுபோல வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். சிஸ்டர் என்னிடமிருந்து அட்டையை வாங்கி அவள் கையில் கொடுத்தார்.

வியாழக்கிழமை மதியம் தாலுகா ஆஸ்பத்திரியில் பிறந்தது, பெண், இரண்டு கிலோ எழுநூறு, பிறந்த கணத்திலேயே அழுதது. அந்த அழுகைக்காகத்தான் இத்தனையும் என்று சிஸ்டர் போனில் சொன்னார், பிறகு கொஞ்சம் தயங்கி, மூன்று மணி நேரமாக நிறுத்தவில்லை என்றும் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது வார்டு வாசலில் ஒரு அம்மா ஸ்டூலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர்கள் மட்டும்தான் என்றாள். நீங்க அந்தப் பிள்ளைக்கு யாரு என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியாத கேள்வி என்றால் எனக்குக் குரல் உயரும். சொந்தம் என்று எழுதப்பட்ட விதி எங்கே, காட்டுங்கள், யார் கையெழுத்து, உள்ளே போகிற ஆண்களிடமும் இப்படிக் கேட்டுத்தான் விடுகிறீர்களா என்று ஆரம்பித்தேன், இரண்டாவது வாக்கியத்தில் உள்ளே அழுகை நின்றது. நானும் நிறுத்தினேன். அழுகை தொடங்கியது.

வாசல்கார அம்மா உள்ளே திரும்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஸ்டூலை நகர்த்தினாள்.

முப்பிடாதி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். பிள்ளை அவள் கைக்குள் சிவந்து கிடந்தது. நான் கட்டிலருகே போய் நின்றபோதும் அவள் திரும்பவில்லை, பிறகு திரும்பினாள், சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை.

"என் சத்தத்துக்கு நிறுத்த மாட்டேங்கு" என்றாள். "நீங்க பேசுங்க."

"எதைப் பத்தி?"

"எதையாவது. எப்பவும் போல யாரையாவது ஏசுங்க."

யாரை ஏசுவது என்று பார்த்தேன். கோமதியை நினைத்தேன், அவள் கேட்டது நியாயம். சண்முகவடிவை நினைத்தேன், வார்டனை, டாக்டரை, வாசலில் ஸ்டூலை நகர்த்தின அம்மாவை, ஒவ்வொருவரையும் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். பிள்ளை வாயைத் திறந்து மூச்சை இழுத்தது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அதன் காதருகே குனிந்து, என்னையே ஏசத் தொடங்கினேன். அன்றைக்கு எட்டேகால் பஸ் வந்தது, அடுத்ததும் வந்தது, இரண்டையும் நான் போக விட்டேன் என்று தொடங்கினேன். பிள்ளை கேட்டது. முப்பிடாதியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.